மைக்குள் அடங்காத பச்சை

ஏற்காடு போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம்தான். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் சேர்வராயன் மலை. பர்ஸை மொத்தமாகக் காலி செய்யாது என்பதால் நடுத்தர வர்க்கத்தின் செல்ல மலை.

போயிருந்தால் கண்டிப்பாக போட்டோ எடுத்திருப்பீர்கள். மழை விட்ட கையோடு வெயில் பட்டு மினுமினுக்கும் காபிச் செடி. தாவரவியல் தோட்டத்தில், நீலமா ஊதாவா என்று தீர்மானிக்க முடியாத ஒரு ஆர்க்கிட் பூ. செல்போனில் பார்த்தால் 'அட, நானா எடுத்தேன்?' என்று நமக்கே சந்தேகம் வரும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, சித்தப்பா முதல் பெரியம்மா வரை எல்லோரிடமும் பாராட்டு வாங்கியாகிவிட்டது. அதோடு விட்டால் பிரச்னையில்லை. 'நம்ம கடைக்கு வருஷா வருஷம் காலண்டர் அடிக்கிறோமே, இந்தத் தடவை இந்தப் படத்தையே போட்டா என்ன?' என்று ஒரு ஆசை வரும். படம் சிவகாசிக்குப் போகும்.

காலண்டர் வந்து சேரும். பிரித்துப் பார்த்தால், காபிச் செடி வெயிலில் இல்லை, நிழலில் நிற்கிறது. ஊதாப் பூ வாடின கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. 'பிரஸ்காரன் ஏமாத்திட்டான்!'

நிஜமாகவே ஏமாற்றினானா? இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம். கலரில் ஆரம்பித்து, நாம் தினமும் சொல்கிற, சொல்லாமல் விடுகிற உண்மைகளில் போய் முடியும். பயப்படாதீர்கள், ஃபிசிக்ஸ் கொஞ்சம்தான்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்று ஒரு இடம். மலையின் விளிம்பு. கீழே சேலம். அங்கே பகலில் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை போய் நின்றால், நிறங்களைப் பற்றிய பாடம் பாதி முடிந்துவிடும்.

பகலில் நிற்கிறீர்கள். எதிரே பச்சைச் சரிவு. சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. அது இலை மேல் விழுகிறது. இலை அதிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு விழுங்கிவிடுகிறது. அதற்குப் பிடிக்காத பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. அதுதான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. நாம் இலையில் சாப்பிட்டு மிச்சம் வைப்போம். இங்கே இலையே சாப்பிட்டு மிச்சம் வைக்கிறது! நாம் 'ஆஹா, என்ன பச்சை' என்று ரசிப்பது அந்த மிச்சத்தை.

இருட்டின பிறகு அதே இடம். இப்போது சரிவு தெரியாது. கீழே சேலம் நகரத்து விளக்குகள், யாரோ வாரி இறைத்த மாதிரி. இந்த வெளிச்சத்தை யாரும் சாப்பிட்டு மிச்சம் வைக்கவில்லை. விளக்கு தானே எரிந்து, தானே அனுப்புகிறது. இரண்டு விளக்கின் வெளிச்சம் ஒரே இடத்தில் விழுந்தால் இருட்டு குறையும். பகலில் நேர் தலைகீழ். இரண்டு சாயத்தைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து வெளிச்சத்தைத் தின்னும், இருட்டு கூடும்.

அச்சு என்பது பகல் லேடீஸ் சீட். திரை என்பது ராத்திரி லேடீஸ் சீட். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது ரொம்பப் பெரிய வித்தியாசம்.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செல்போனில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, விரல் நுனியால் ஒரு பொட்டுத் தண்ணீர் வையுங்கள். துளி லென்ஸ் மாதிரி வேலை செய்யும். வெள்ளை என்று நினைத்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப் பொடியாக விளக்குகள் தெரியும். ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து ஆர்.ஜி.பி. என்பார்கள். மூன்றும் முழுசாக எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தால் மஞ்சள்! மஞ்சளுக்கென்று அங்கே தனி விளக்கே கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் 256 படிகள் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கோடியே 67 லட்சம் சேர்க்கைகளுக்கு மேல் வரும்.

அடுத்து ஒரு பூதக்கண்ணாடி எடுங்கள். ஏதாவது ஒரு பத்திரிகையின் கலர் அட்டையில் வைத்துப் பாருங்கள். அங்கே இருப்பது புள்ளிகள். சயான் என்கிற வெளிர்நீலம், மெஜந்தா என்கிற ரோஜாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. சி.எம்.ஒய்.கே. பச்சை மை கிடையாது. சயானும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து பச்சை மாதிரி நடிக்கின்றன. வெள்ளை மையும் கிடையாது. அச்சில் வெள்ளை என்பது, ஒன்றும் அடிக்காமல் சும்மா விட்ட காகிதம். நடிகையின் பல் வெள்ளை என்றால், அது பேப்பர் மில்லின் உபயம்.

சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் முழுசாகச் சேர்த்தால் கணக்குப்படி கறுப்பு வரவேண்டும். நிஜத்தில் சேற்றுப் பழுப்புதான் வரும். அதனால்தான் நாலாவதாகக் கறுப்பு மை. 'கே' என்ற எழுத்து 'கீ' பிளேட்டைக் குறிக்கிறது. மற்ற பிளேட்டுகளைச் சரியாகப் பொருத்துவதற்கு ஆதாரமான பிளேட். சரி, நாலையும் இஷ்டத்துக்கு ஊற்றலாமா என்றால் அதுவும் முடியாது. நாலும் முழுசாக என்றால் 400 சதவீதம். செய்தித்தாள் காகிதம் சுமார் 240 சதவீதத்துக்கு மேல் தாங்காது. மை காயாமல் அடுத்த பக்கத்தில் ஒட்டும், பின்பக்கம் ஊறும்.

வெளிச்சத்தின் கலவை வேறு, சாயத்தின் கலவை வேறு என்பது கம்ப்யூட்டர் வந்து கண்டுபிடித்த விஷயம் இல்லை. பிராங்க்பர்ட்டில் பிறந்து லண்டனில் தொழில் செய்த லெ ப்ளோன் என்ற அச்சுக் கலைஞர், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே மூன்று பிளேட்டுகளில் வண்ணப் படம் அடித்துக் காட்டினார். 1725 வாக்கில் 'கொலரிட்டோ' என்று ஒரு புத்தகம் போட்டார். தொட முடிகிற நிறங்கள் எல்லாம் சேர்ந்தால் கறுப்பு, தொட முடியாத நிறங்கள் எல்லாம் சேர்ந்தால் வெள்ளை என்ற சேதி அதிலேயே இருக்கிறது. முந்நூறு வருஷத்துப் பழைய சமாசாரம்.

இப்போது காலண்டருக்கு வருவோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிற எல்லை உண்டு. திரையில் எரிகிற பளீர் பச்சை, அடர் ஊதாநீலம், சுள்ளென்ற ஆரஞ்சு இதெல்லாம் நாலு மையின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் அந்த நாலு மையால் எட்ட முடியாது. மை மட்டமானது என்று அர்த்தமில்லை. சுத்தமான சயான் மையின் நீலத்தைச் சாதாரணத் திரைகளால் காட்ட முடியாது. அவரவர்க்கு அவரவர் எல்லை.

சிவகாசியில் எனக்குத் தெரிந்த ஒரு பிரஸ் ஃபோர்மேன், மை வாசனையிலேயே முப்பது வருஷம் ஓட்டியவர், ரத்தினச் சுருக்கமாகச் சொன்னார். "தம்பி, செல்லுல உள்ளுக்குள்ள வெளக்கு எரியுது. பேப்பர்ல எரியுதா? வெளிச்சத்த நான் எங்க போயி வாங்கி ஊத்துறது?"

ஆக, பிரஸ்காரர் ஏமாற்றவில்லை. பெரிய அண்டாவில் இருந்ததைச் சின்னக் குடத்துக்கு மாற்றச் சொன்னோம். கொஞ்சம் கீழேதான் போகும். கேள்வி அதுவல்ல. எதைக் கீழே விடுவது? யார் தீர்மானிப்பது?

இங்கேதான் எனக்குச் சுவாரஸ்யம் தட்டியது. அச்சுத் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து சர்வதேச வண்ணக் கூட்டமைப்பு ஒன்றை ஆரம்பித்தன. ஒரு கருவியின் நிறத்தை இன்னொரு கருவிக்கு மாற்றுவதற்குப் பொது விதிகள் வகுத்தார்கள். அடங்காத நிறங்களை என்ன செய்வது என்பதற்கு அதில் நாலு வழிகள். அதில் முக்கியமானவை இரண்டு.

காமர்ஸ் படித்தவன் என்பதால் பட்ஜெட் பாஷையிலேயே சொல்கிறேன். சம்பளம் திடீரென்று குறைந்துவிட்டது என்று வையுங்கள். முதல் வழி: எல்லாச் செலவையும் ஒரே விகிதத்தில் குறைப்பது. பால், வாடகை, சினிமா, கோயில் உண்டியல் எல்லாவற்றுக்கும் அதே வெட்டு. எது பெரிசு எது சின்னது என்ற வரிசை மாறாது. ஆனால் எந்தத் தொகையும் பழைய தொகையாக இருக்காது. இரண்டாவது வழி: ஒரு உச்சவரம்பு போட்டுவிடுவது. அதற்குள் அடங்குகிற செலவுகளில் கையே வைக்க மாட்டேன், ஒரு ரூபாய்கூட மாறாது. வரம்பைத் தாண்டுகிற எல்லாமே வரம்பில் வந்து நிற்கும். பத்தாயிரமும் இருபதாயிரமும் முப்பதாயிரமும் ஒரே எட்டாயிரமாகிவிடும்.

படத்திலும் இதேதான். முதல் வழியில் போனால் ஏற்காட்டுப் படம் மொத்தமும் ஒரு சுற்று மங்கும். தளிருக்கும் முற்றின இலைக்கும் உள்ள வித்தியாசம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மைக்குள் அடங்கியிருக்கக்கூடிய மண் நிறம்கூட, மற்றவர்களோடு சேர்ந்த பாவத்துக்கு, கொஞ்சம் மாறிவிடும். இரண்டாவது வழியில் மண் அச்சு அசலாக வரும். ஆனால் தளிர், கொழுந்து, புல் என்று மூன்று விதமாக இருந்த பளீர் பச்சைகள் ஒரே பச்சைத் திட்டாக அப்பிக்கொள்ளும்.

எது சரி? கம்பெனி சின்னம் என்றால் இரண்டாவது. நிறம் அப்படியே வந்தாக வேண்டும். நுணுக்கமான இயற்கைக் காட்சி என்றால் பெரும்பாலும் முதலாவது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது.

இதை எழுதும்போது, இது நாம் தினமும் செய்கிற காரியம்தானே என்று தோன்றுகிறது. டாக்டர் முக்கால் மணி நேரம் விளக்கியதை, வராந்தாவில் காத்திருக்கும் அம்மாவிடம் மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் நடந்த கூட்டத்தை நிருபர் முந்நூறு வார்த்தையில் அடக்க வேண்டும். வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையிடம், வீட்டில் நடந்த சண்டையை போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்ல வேண்டும். எல்லாமே அண்டாவிலிருந்து குடத்துக்கு.

சிலர் முதல் வழிக்காரர்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் மங்கலாக்கிச் சொல்வார்கள். "கொஞ்சம் சரியில்லைம்மா, ஆனா பயப்பட ஒண்ணுமில்ல, பாத்துக்கலாம்." தப்பான தகவல் ஒன்றும் இல்லை. துல்லியமான தகவலும் ஒன்றும் இல்லை. சிலர் இரண்டாவது வழிக்காரர்கள். சுகர் 240, கிரியாட்டினின் இவ்வளவு என்று அடங்குகிற எண்களைத் துல்லியமாக ஒப்பிப்பார்கள். எண்ணில் அடங்காதது, அதாவது டாக்டர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தது, அங்கே வெட்டுப்பட்டுப் போகும். எதில் உண்மை அதிகம்? கேட்பது யார், எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஒன்று. அடுத்த ஊரில் இருக்கும் இன்னொரு டாக்டருக்கு வேறொன்று.

'அதெல்லாம் சரி, ஒரிஜினல் என்று ஒன்று இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே' என்று கேட்கலாம். எது ஒரிஜினல்? செல்போன் படமா? கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள், பச்சையையும் வானத்தையும் உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி தூக்கிக் கொடுப்பது வழக்கம். நாம் 'ஒரிஜினல்' என்று மார்தட்டினதே ஒரு மொழிபெயர்ப்புதான். சரி, பூவே ஒரிஜினல் என்றால், காலை ஏழு மணி மூடுபனியில் ஒரு ஊதா, நடுமதியத்தில் இன்னொரு ஊதா, சாயங்காலம் டியூப்லைட்டில் மூன்றாவது ஊதா. போதாக்குறைக்கு, அந்தப் பூ தன்னை அலங்கரித்துக்கொண்டது உங்களுக்காகவே இல்லை. பூச்சிகளுக்காக. தேனீக்குச் சிவப்பு தெரியாது, நமக்குத் தெரியாத புறஊதா தெரியும். அதன் கண்ணில் அந்தப் பூவுக்கு என்ன நிறமோ!

இந்த இடத்தில் நிறையப் பேர் ஒரு குறுக்குச் சந்தில் திரும்பிவிடுவார்கள். 'நிஜ நிறம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் அவரவர் பார்வை, அப்புறம் எப்படி அடித்தால் என்ன?' இந்த வாதம் டீக்கடையிலும் கேட்கிறது, டி.வி. விவாதத்திலும் கேட்கிறது. கேட்க அறிவாளித்தனமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஏதோ ஒன்றை மறைக்க நினைப்பவர்களுக்குத்தான் அது உதவுகிறது. முழு உண்மையைக் கொண்டுவர முடியாது என்பதால், பொய்யும் உண்மையும் ஒன்றாகிவிடாது.

அந்தச் சந்தில் திரும்பாமல் நேரே போனவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஏற்காட்டிலேயே. இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963-லிருந்து அங்கே இயங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் குடத்தாவரத்தைப் பார்த்து, 'பூச்சியைத் தின்னுமாம்' என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத் திரும்பிவிடுகிற இடம். தாவரவியல்காரர்களின் வழக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். காட்டில் ஒரு செடியைச் சேகரித்தால், அதை அழுத்திக் காயவைத்து, காகிதத்தில் ஒட்டிப் பாதுகாப்பார்கள். ஹெர்பேரியம் என்று பெயர். காய்ந்தால் என்ன ஆகும்? இலை, காம்பு, இதழின் வடிவம் எல்லாம் நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கும். நிறம் நிற்காது. ஊதா, வெள்ளை, மஞ்சள் எல்லாமே கடைசியில் பழுப்பு.

அதனால் பறிக்கும்போதே ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எவ்வளவு உயரம், கூடவே பூ என்ன நிறம், மணம் உண்டா. காகிதத்தால் தாங்க முடியாததை வார்த்தையால் தாங்குகிறார்கள். வார்த்தையும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், தோட்டக்கலைக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே லண்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 1966-ல் ஒரு வண்ண அட்டைத் தொகுப்பு வெளியிட்டது. பூவுக்குப் பக்கத்தில் வைத்து, பொருந்துகிற எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். இன்றைக்கும் உபயோகத்தில் இருக்கிறது.

அச்சுக்காரர்கள் சொன்ன இரண்டு வழிகளோடு இதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்கிறேன். கொண்டுவர முடியாததை, கொண்டுவர முடியவில்லை என்று எழுதிவைப்பது. அதுவும் எது, எவ்வளவு என்று.

'இது என்ன பெரிய விஷயம், ஆன்லைனில் புடவை விற்கிறவர்கள்கூடத்தான் போடுகிறார்கள்' என்பீர்கள். ஆமாம். "திரையில் காணும் நிறமும் நேரில் காணும் நிறமும் சற்று மாறுபடலாம்." கல்யாணத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை ஆர்டர் செய்து, வந்து பிரித்தால் பாசிப்பச்சை. கேட்டால் அந்த வரியைக் காட்டுவார்கள். இந்த வரிக்கும் தாவரவியல்காரரின் குறிப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'மாறுபடலாம்' என்பது விற்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவது. எந்தப் பக்கம் மாறும், எவ்வளவு மாறும், ஒன்றும் இருக்காது. 'இந்தப் பூ உயிரோடு இருந்தபோது இளம் ஊதா, அடியில் மஞ்சள் கீற்று' என்பது பார்க்காதவருக்காகப் பார்த்தவர் எழுதுவது. முதலாவது சாக்கு. இரண்டாவது சாட்சி. 'இந்தப் பச்சை நேரில் ஒரு சுற்று அடர்த்தியாக இருக்கும்' என்று எழுதுகிற புடவைக் கடை ஒன்று கிடைத்தால், அவருக்கு நான் ஆயுள் சந்தாதாரர்.

இதுவரை பேசியதெல்லாம் பூவும் புடவையும். இனிமேல் கொஞ்சம் சங்கடமான விஷயம்.

சேர்வராயன் மலைக் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற ஒரு பெண்ணின் படத்தை, சுற்றுலாக் கையேட்டின் அட்டையில் அச்சடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்ணாக இருக்கலாம். (கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள்.) வெயிலில் உழைத்த, நல்ல கறுப்பும் பழுப்பும் கலந்த முகம். அச்சாகி வருகிறது. பின்னால் இருக்கும் பளீர் பச்சை மங்கியிருக்கிறது. மன்னிக்கலாம், மையால் முடியவில்லை. முகம்? முகம் மூன்று சுற்று வெளுத்திருக்கிறது.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். பளீர் பச்சை மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் கறுப்பு, பழுப்பு, மாநிறம் என்று நம் தோல் நிறங்கள் எல்லாமே நாலு மைக்குள் சௌகரியமாக அடங்குகின்றன. எந்தச் சிரமமும் இல்லை. அந்த முகம் வெளுத்து வந்தால் குற்றவாளி மை இல்லை, மெஷின் இல்லை, காகிதம் இல்லை. யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை வெளுக்க வைத்திருக்கிறார். மையால் முடியாதது வேறு, மனசு வராதது வேறு.

கல்யாண ஆல்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோவில் 'ஒரு டச்சப்' செய்துவிடுவார்கள். நம் மொழியே இதற்குத் துணை. வெளுப்பாக இருப்பவரைச் 'சிவப்பு' என்கிறோம். கறுப்பாக இருப்பவரை 'மாநிறம்' என்று ஒரு படி ஏற்றிச் சொல்கிறோம். மாநிறமாக இருப்பவர் விளம்பரத்தில் 'நல்ல நிறம்' ஆகிவிடுகிறார். மை தொடுவதற்கு முன்பே நாக்கு வெளுத்தாகிவிட்டது. 1975-ல் இங்கே வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் 'ஃபேர்' என்ற சொல்லை விட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் போனது. ஆசை போனதா?

உலகம் முழுக்க இதற்கு ஒரு முன்கதை உண்டு. கலர் ஃபிலிம் காலத்தில், நிறம் சரியாக வருகிறதா என்று சோதிக்க லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் கொடுப்பார்கள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். படத்தில் இருப்பது வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் உலகம் சரியாக வந்த மாதிரி. கறுப்புத் தோல் நிழலில் கரைந்து, பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தால் யாருக்கும் கவலையில்லை. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும், எங்கள் பழுப்பு ஒழுங்காக வரவில்லை என்று புகார் செய்ததும்தான் ஃபிலிமைத் திருத்தும் வேலை சூடு பிடித்தது என்று கோடக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களுக்காக நகராத தராசு, நாற்காலிக்காக நகர்ந்தது.

'தொழில்நுட்பம் அப்படி, என்ன செய்வது' என்று யாராவது சொல்லும்போது, எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். சில சமயம் அது நிஜமாகவே எல்லை. சில சமயம் எல்லை மாதிரி வேஷம் போட்ட விருப்பம்.

இரண்டையும் பிரித்தறிவது பெரிய வேலை இல்லை. ஆடிட்டர்கள் ரொம்ப நாளாகச் செய்து வருகிற வேலை. 1913-ஆம் வருஷத்து இந்திய கம்பெனிச் சட்டத்தில், கணக்கு 'ட்ரூ அண்ட் கரெக்ட்' ஆக இருக்கிறதா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். அதாவது உண்மையாகவும் சரியாகவும். 1956-ல் புதுச் சட்டம் வந்தபோது அது 'ட்ரூ அண்ட் ஃபேர்' ஆனது. உண்மையாகவும் நியாயமாகவும். 'சரி' போய் 'நியாயம்' வந்தது. ஏனென்றால் ஒரு கம்பெனியின் கணக்கில் நிறைய விஷயங்கள் யூகம். மெஷின் எத்தனை வருஷம் ஓடும், எந்தக் கடன் வராக்கடன், யாருக்குத் துல்லியமாகத் தெரியும்? துல்லியம் முடியாத இடத்தில் நியாயத்தைக் கேட்டார்கள். (ஒரே 'ஃபேர்' என்ற வார்த்தைக்கு நியாயம், வெளுப்பு என்று இரண்டு பொருள் வைத்த ஆங்கிலேயரை என்ன சொல்ல!)

ஆனால் கணக்கில் எல்லாமே யூகம் இல்லை. தேய்மானத்தை யூகிக்கலாம். பேங்க் பேலன்ஸை யூகிக்க முடியாது. அது ஒரு எண். பாஸ்புக்கில் இருக்கும். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதியபோது நாடே அதிர்ந்ததற்குக் காரணம் தொகை மட்டுமில்லை. எல்லா எண்களிலும் சுலபமாகச் சரிபார்க்கக்கூடிய எண் அது. காகிதத்துக்குள் கச்சிதமாக அடங்கக்கூடிய உண்மை. அந்தப் பெண்ணின் முகம் மாதிரி.

பேலன்ஸ் ஷீட்டோடு 'கணக்குக் குறிப்புகள்' என்று பொடி எழுத்தில் சில பக்கங்கள் வரும். கோர்ட்டில் இருக்கிற கேஸ், எந்த முறையில் யூகித்தோம், எதைச் சேர்க்கவில்லை, எல்லாம் அங்கேதான். காலேஜில் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டோம். அனுபவப்பட்ட முதலீட்டாளர்கள் முதலில் படிப்பதே அதைத்தான். அது கம்பெனியின் ஹெர்பேரியம் குறிப்பு.

ஆகவே, யாராவது உங்களிடம் ஒரு விஷயத்தைச் சுருக்கிச் சொன்னால், 'முழு உண்மையைச் சொன்னியா?' என்று கேட்காதீர்கள். அது யாராலும் முடியாது. 'எதை விட்டே? அது அடங்காமல் விட்டதா, நீ வேண்டாம்னு விட்டதா?' என்று கேளுங்கள். நேர்மையான ஆளுக்கு இந்தக் கேள்வி சந்தோஷத்தைக் கொடுக்கும். மற்றவர்களுக்குக் கோபம் வரும். அதுவே ஒரு பதில்தான்.

என் பங்குக்கு நானும் ஒரு குறிப்பு வைத்துவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் இடமில்லாமல் விட்டவை: நாலு மைக்குள் வராத நிறத்துக்கென்றே தனியாகக் கலக்கும் ஸ்பெஷல் மைகள், ஆறு ஏழு மைகளில் அடிக்கும் மெஷின்கள், மீதி இரண்டு மாற்று வழிகள். வேண்டுமென்றே விட்டது ஒன்று: கல்யாண ஆல்பத்தை வெளுக்க வைக்கச் சொல்வது போட்டோகிராஃபரா, பெண்ணின் அப்பாவா, நாமா என்ற கேள்வி. அதை உங்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்த்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.